குழு கலந்துரையாடல்னு விட்டா வகுப்பு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) மாதிரி ஆயிடுது, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

பட்டர்வொர்த்_டீச்சர்

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவுல பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில அஞ்சாம் ஆண்டுக்கு அறிவியல் எடுக்கிறேன், வகுப்புல முப்பது பிள்ளைங்களுக்கு மேல. இந்த வருஷம் ஆரம்பத்துலேர்ந்தே மேலிடத்துல ஒரே பாட்டுதான், பாக்-21 (21ஆம் நூற்றாண்டு கற்றல்), இன்குவிரி (பிள்ளைங்களே கேட்டு ஆராய்ஞ்சு கத்துக்கிறது), கலந்துரையாடல், ஆசிரியர் முன்னாடி நின்னு பேசுறத குறைங்க பிள்ளைங்க பேசட்டும்னு. எனக்கும் அதுல மறுப்பு ஒன்னும் இல்ல, நானும் எத்தன நாளைக்குத்தான் கத்திக்கிட்டே இருக்கிறது, வெள்ளிக்கிழம வந்தா தொண்டையே போயிடுது.

ஆனா நடக்கிறது என்னன்னா, நாலு நாலு பேரா உட்கார வெச்சு, மாஜோங் பேப்பர் (பெரிய வெள்ளத் தாள்) மார்க்கர் எல்லாம் கொடுத்து "மின்சாரத்த எப்படி சிக்கனமா பயன்படுத்தலாம், கலந்து பேசி எழுதுங்க"ன்னு சொன்னா, குழுவுல ஒரு பொண்ணு மட்டும் எல்லாத்தையும் எழுதுது, இன்னொன்னு ஓரத்துல பூ வரைஞ்சு கலர் அடிக்குது, மத்த ரெண்டு பேரும் முந்தாநாள் பந்து விளையாட்டப் பத்தி கலந்துரையாடுறாங்க. பக்கத்து வகுப்பு டீச்சர் சன்னல் வழியா எட்டிப் பார்க்கிறாங்க. அப்புறம் சுவத்துல ஒட்டி கேலரி வாக், அதாவது ஒவ்வொரு குழு பேப்பரயும் சுத்திப் பார்க்கப் போனா எல்லா பேப்பர்லயும் ஒரே பதில், "தேவை இல்லாதப்ப விளக்க அணைக்கணும்". இது அவங்களுக்கு மூணாம் ஆண்டுலயே தெரியும். பாட நேரம் முக்கால்வாசி போச்சு, புதுசா ஒன்னும் கத்துக்கல, ஆனா படம் எடுத்து குரூப்ல போட்டா பார்க்க அழகா இருக்கு.

சரி முழு வகுப்பா கேட்டு பேச வைக்கலாம்னா எப்பவும் கை தூக்குற அதே நாலு முகம்தான். பின் வரிசை பிள்ளைங்க நான் பேர சொல்லிக் கூப்பிட்டா எழுந்து நின்னு சிரிக்குதுங்க, அவ்வளவுதான். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு யூபிஎஸ்ஆர்-அ 2021லயே எடுத்துட்டாங்க இனிமே பரீட்சை நெருக்கடி இல்லன்னு சொல்றாங்க, ஆனா ஆண்டு கடைசியில யுஏஎஸ்ஏ பரீட்சை இருக்குல்ல, அதுக்குள்ள பாடத்த முடிச்சாகணும்.

அடுத்து மின்சுற்று பாடம் வருது, தொடர் சுற்று, இணைச் சுற்று. இத பிள்ளைங்களே கேட்டு, செஞ்சு, பேசி கண்டுபிடிக்கிற மாதிரி நடத்தணும்னு ஆச. உண்மையா வகுப்புல செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. பயிற்சியில கொடுத்த சிலைடு எல்லாம் என்கிட்டயே இருக்கு, அத திரும்ப அனுப்பாதீங்க ப்ளீஸ்.

பிறை_அறிவியல்

டீச்சர், உங்க பிள்ளைங்க மேல தப்பு இல்ல, மேசைய எப்படி போட்டீங்கங்கிறதும் விஷயம் இல்ல. அந்தக் கேள்வியிலதான் கோளாறு. மின்சாரத்த எப்படி சிக்கனப்படுத்தலாம்னு கேட்டா எல்லாருக்கும் பதில் தெரியும், எல்லாருக்கும் ஒரே பதில்தான் தெரியும், அப்புறம் அவங்க எதப் பத்தி பேசுவாங்க சொல்லுங்க, பந்து விளையாட்டப் பத்தித்தான் பேசுவாங்க. ஒருத்தனுக்கு ஒன்னு தோணணும், பக்கத்துல உள்ளவனுக்கு அதுக்கு நேர்மாறா தோணணும், அப்பத்தான் வாய் திறக்கும்.

மின்சுற்றுக்கு நான் எப்பவும் இப்படித்தான் ஆரம்பிப்பேன். ஒரு பேட்டரி, ரெண்டு பல்பு, தொடர் சுற்றுல மாட்டி வெச்சிருப்பேன், ஆனா சுவிட்ச போட மாட்டேன். பேட்டரியோட நேர்முனைக்கு பக்கத்துல உள்ளது ஏ, தள்ளி உள்ளது பி. "சுவிட்ச போட்டா எது பிரகாசமா எரியும், ஏ-வா, பி-யா, ரெண்டும் ஒன்னா?" இவ்வளவுதான் கேள்வி. யாரும் வாய திறக்கக் கூடாது, முதல்ல நோட்டுல பதிலயும் ஒரு வரி காரணத்தயும் எழுதணும். அப்புறம் கை தூக்கச் சொல்லி எண்ணி பலகையில எழுதுவேன். எந்த வகுப்பா இருந்தாலும் ஒரு பெரிய கூட்டம் ஏ-ன்னு சொல்லும், ஏன்னா முதல் பல்பு கரண்ட்ட தின்னுட்டு மிச்சத்தத்தான் அடுத்ததுக்கு அனுப்பும்னு நினைக்கிறாங்க. இது நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் உள்ள நினைப்பு இல்ல, உலகம் பூரா பிள்ளைங்க இப்படித்தான் நினைக்கிறாங்கன்னு நெறைய ஆராய்ச்சியில வந்திருக்கு, பெரியவங்கள்லயும் நெறைய பேர் அப்படித்தான். இப்ப ஏ சொன்னவனும் ஒன்னுன்னு சொன்னவனும் ஜோடியா உட்கார்ந்து ஒருத்தன ஒருத்தன் மாத்தப் பார்க்கணும், ரெண்டு நிமிஷம். சத்தம் வரும், ஆனா அந்தச் சத்தத்த காது கொடுத்து கேளுங்க, எல்லாம் பல்பப் பத்தித்தான் இருக்கும்.

அப்புறம் சுவிட்ச். ரெண்டும் ஒரே மாதிரி மங்கலா எரியும். ஒரு பத்து வினாடிக்கு ஒரே கூச்சல். உடனே விளக்கம் சொல்லிடாதீங்க, இங்கதான் நம்ம வாய் சும்மா இருக்காது. "அப்ப கரண்ட்ட தின்னுட்டுன்னு சொன்னீங்களே, அது என்ன ஆச்சு?"ன்னு மட்டும் கேளுங்க. முதல்ல ஊகி, அப்புறம் பாரு, அப்புறம் விளக்கு, இந்த வரிசைய ஒயிட், கன்ஸ்டன்னு ரெண்டு பேர் 1992ல எழுதின புத்தகத்துல விவரமா பார்க்கலாம். வரிசைய மாத்தி முதல்லயே விளக்கிட்டு அப்புறம் செஞ்சு காட்டுனா பிள்ளைங்க தலையாட்டும், ஆனா உள்ள இருக்கிற பழைய நினைப்பு அப்படியே இருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம், பல்பு ரெண்டும் ஒரே ரகமா இருக்கணும். அறிவியல் அறை டப்பாவுல 2.5 வோல்ட்டும் 3.8 வோல்ட்டும் கலந்து கிடக்கும், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், உலோகக் கழுத்துல பொடி எழுத்துல எழுதியிருக்கும். கலந்து மாட்டுனீங்கன்னா ஒன்னு நல்லா எரியும் ஒன்னு மங்கும், பிள்ளைங்க "பார்த்தீங்களா நான் சொன்னேன்ல"ன்னு தப்பான முடிவுக்கு போயிடும். அப்படி ஆனாலும் விட்டுடாதீங்க, "ரெண்டு பல்பயும் இடம் மாத்திப் போட்டா என்ன ஆகும்?"னு கேளுங்க. வெளிச்சம் இடத்தோட நிக்குதா பல்போட போகுதான்னு பார்த்தா காரணம் பல்பா இடமான்னு தெரிஞ்சிடும். உண்மைய சொல்லணும்னா அதுதான் நல்ல இன்குவிரி, பாட நூல்ல இல்லாதது.

இன்னொன்னு, இன்குவிரின்னா எல்லாத்தையும் பிள்ளைங்ககிட்ட விட்டுடறதுன்னு ஒரு நினைப்பு இருக்கு. 2008ல பாஞ்சி, பெல்னு ரெண்டு பேர் இத நாலு படியா பிரிச்சு எழுதியிருக்காங்க. முதல் படியில முடிவு முன்னாடியே தெரியும், செஞ்சு சரிபார்க்கிறது மட்டும்தான். அடுத்தது கேள்வியும் செய்முறையும் நம்மளது முடிவு அவங்களது, அப்புறம் கேள்வி மட்டும் நம்மளது, கடைசியிலதான் எல்லாமே அவங்களது. நீங்க ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்கு மெதுவா போங்க, நாலாவத ஆறாம் ஆண்டுல பார்த்துக்கலாம்.

பாயான்_லெப்பாஸ்_அப்பா

நான் ஆசிரியர் இல்ல, பெற்றோர். சொன்னா கோவிச்சுக்காதீங்க. என் மகன் நாலாம் ஆண்டு, வேற பள்ளி. ராத்திரி வேல முடிஞ்சு வந்து அவன் நோட்ட பிரிச்சா ஒன்னுமே இல்ல, என்னடா படிச்சன்னு கேட்டா "இன்னிக்கு டிஸ்கஷன்"ங்கிறான், என்னடா பேசுனீங்கன்னா தோள குலுக்குறான். பரீட்சைக்கு முன்னாடி நான் எத வெச்சு சொல்லிக்கொடுக்கிறது? கடைசியில தியூஷனுக்கு அனுப்பி அங்க பழைய மாதிரி எழுதி மனப்பாடம் பண்ணி வர்றான், காசு போகுது. வகுப்புல பேசுறது நல்லதுதான், நான் வேண்டாம்னு சொல்லல, நாங்க வேல செய்ற ஃபேக்டரியிலயும் ஏதாவது கெட்டுப் போனா ஏன் ஏன்னு அஞ்சு தடவ கேட்டுத்தான் காரணத்த கண்டுபிடிக்கிறோம். ஆனா கேட்டு முடிச்சதும் ரிப்போர்ட் எழுதித்தான் வீட்டுக்குப் போறோம். பேசுனதுக்கு ஒரு தடயம் வேணாமா டீச்சர்?

ஓய்வு_வாத்தியார்

தம்பி பாயான் லெப்பாஸ் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். நான் புக்கிட் மெர்தாஜம், ஓய்வு வாங்கியாச்சு. என் காலத்துல நடத்துற முறைய எத்தன பேர்ல மாத்திட்டாங்க தெரியுமா, 2003ல அறிவியல இங்கிலீஷ்ல நடத்துன்னாங்க, அப்புறம் அதுவும் வேண்டாம்னாங்க, 2011ல கேஎஸ்எஸ்ஆர்னு புது தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம், அப்புறம் ஐ-திங்க்னு எட்டு சிந்தனை வரைபடம், வட்டம் குமிழி மரம்னு பிள்ளைங்க வரைஞ்சு தள்ளுச்சு, கேபாட்னு உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி, இப்ப பாக்-21. ஒவ்வொன்னுலயும் நல்ல சரக்கு இருந்துச்சு, ஆனா அடுத்தது வர்றதுக்குள்ள முந்தினத யாரும் முழுசா செஞ்சதில்ல.

விஷயத்துக்கு வர்றேன். ஒன்னும் தெரியாத பிள்ளைய நீயே கண்டுபிடின்னு விட்டா அது திணறும். இத நான் பழைய ஆளுன்னு சொல்லல, 2006ல கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க்னு மூணு பேர் கட்டுரை எழுதி பெரிய சண்டையே நடந்துச்சு. மனுசன் மூளை ஒரே நேரத்துல கொஞ்சம்தான் தாங்கும், புதுசா கத்துக்கிறவனுக்கு தெளிவா காட்டிக்கொடுக்கிறதுதான் நல்லதுங்கிறது அவங்க வாதம். அடுத்த வருஷமே வேற மூணு பேர் பதில் எழுதுனாங்க, இன்குவிரின்னா வழிகாட்டல் இல்லாததுன்னு யார் சொன்னா, நல்ல இன்குவிரியில வழிகாட்டல்தான் நெறயன்னு. பிறை தம்பி சொன்ன பல்பு பாடத்தயே பாருங்க, அதுல கேள்வி அவருது, சுற்று அவருது, எப்ப சுவிட்ச போடறதுங்கிறதும் அவருது. பிள்ளைங்க சொந்தமா கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அப்படி இருந்தா எனக்கும் சம்மதம்.

இது எல்லாம் வெள்ளக்காரன் கண்டுபிடிப்புன்னு நினைக்கிற ஆளுங்களுக்கு ஒன்னு சொல்றேன். நன்னூல் பாயிரத்துல பவணந்தி முனிவர் கணக்கே போட்டு வெச்சிருக்கார், "ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்". வாத்தியார் சொன்னத எவ்வளவு ஒழுங்கா வாங்கிக்கிட்டாலும் கால் பங்குதான் நிக்கும், கூடப் படிக்கிறவனோட பழகிப் பேசுறதுல இன்னொரு கால், மிச்ச பாதி அடுத்தவனுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். பதிமூணாம் நூற்றாண்டு நூல். அதுலயும் முதல் கால் யார்கிட்டேர்ந்து வருதுன்னு கவனிங்க டீச்சர். அத விட்டுட்டு நேரா ரெண்டாவது காலுக்கு தாவுனா ரெண்டு பேரும் தெரியாதத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

செந்தூல்_நன்னெறி

ஐயா சொன்னதுல பாதி ஒத்துக்கிறேன், பாதி இல்ல 🙂 நான் கேஎல் (கோலாலம்பூர்), நன்னெறிக் கல்வி, கொஞ்சம் தமிழும் எடுக்கிறேன். எங்க பாடத்துல முதல் கால் பிரச்சனையே இல்லைங்க ஐயா, பிரச்சனை என்னன்னா பிள்ளைங்களுக்கு டீச்சர் என்ன பதில் எதிர்பார்க்கிறாங்கன்னு நல்லாவே தெரியும். "கீழ கிடந்த அஞ்சு வெள்ளிய எடுத்தா என்ன செய்வீங்க?" எல்லாரும் கோரஸா "ஆசிரியரிடம் கொடுப்போம்". முடிஞ்சது பாடம். ரேஹாட் (இடைவேளை) நேரத்துல என்ன நடக்குதுன்னு கெந்தின் (சிற்றுண்டிச்சாலை) அக்காவ கேட்டா தெரியும்.

அதனால ரெண்டு நல்லது மோதிக்கிற மாதிரி கேட்கணும். போன பருவத்துல கேட்டது இது: ஒரு பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரியில, ராத்திரி தம்பிய பார்த்துக்கிட்டதால வீட்டுப்பாடம் செய்யல, காலையில உன் நோட்ட கேக்குறா, கொடுப்பியா? முதல்ல "கொடுப்பேன்"னு நெறைய கை. அப்புறம் ஒரு பையன், அவன் சாதாரணமா பேசவே மாட்டான், மெதுவா கேட்டான், "டீச்சர்கிட்ட உண்மைய சொன்னா டீச்சர் அடிக்கவா போறாங்க, ஏன் சொல்லல?" உடனே இன்னொரு பொண்ணு, "எல்லா டீச்சரும் ஒரே மாதிரி இல்ல". அதுக்கு மேல நான் ஒன்னும் சொல்ல வேண்டி வரல, கேள்வி நோட்டுலேர்ந்து டீச்சர்மார் பக்கம் திரும்பிடுச்சு, எனக்கே கொஞ்சம் வேர்த்துச்சு.

டீச்சர், பின் வரிசை பிள்ளைங்களுக்கு நான் செய்றது ரெண்டே ரெண்டு. ஒன்னு வாய மூடிக்கிட்டு நிக்கிறது. மேரி பட் ரோன்னு ஒரு அம்மா எழுபதுகள்ல வகுப்புகள ஒலிப்பதிவு பண்ணி கேட்டிருக்காங்க, ஆசிரியர்கள் கேள்விய கேட்டுட்டு சராசரியா ஒரு வினாடிதான் காத்திருக்காங்களாம், அதுக்குள்ள பதில் வரலன்னா வேற ஆள கூப்பிடுறது இல்லன்னா தானே சொல்லிடறது. அத மூணு வினாடியா ஆக்குனதுமே பதில் நீளமாச்சு, தெரியாதுன்னு சொல்றது குறைஞ்சுது, எப்பவும் பேசாதவங்களும் பேசுனாங்க. மூணு வினாடிதானேன்னு நினைக்காதீங்க, வகுப்புல நின்னு பாருங்க, யுகமா இருக்கும். நான் மனசுக்குள்ள எண்ணுவேன். பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதே மூணு வினாடி சும்மா நிக்கணும், பல பேர் அத மறந்துடறாங்க, அந்த இடைவெளியிலதான் இன்னொரு பிள்ளை உள்ள நுழையும்.

ரெண்டாவது, பதில் வந்த உடனே "சரி", "அருமை", "தப்பு"ன்னு சொல்றத நிறுத்திட்டேன். நாம அருமைன்னு சொன்ன நிமிஷமே பேச்சு செத்துடுது, அதான் டீச்சருக்கு வேணும்கிற பதில் கிடைச்சிடுச்சே. அதுக்கு பதிலா "இவர் சொன்னத யாராவது உங்க சொந்த வார்த்தையில திருப்பி சொல்லுங்க", "இத ஒத்துக்காதவங்க யாரு?" இந்த ரெண்டு வரிய வெச்சே முழு பாடத்தயும் ஓட்டலாம். யோசி, ஜோடியா பேசு, அப்புறம் எல்லாருக்கும் சொல்லு, இத பிராங்க் லைமன் 1981லயே சொல்லிட்டார், பயிற்சியில எல்லாரும் காட்டுறதுதான், ஆனா நம்ம ஆளுங்க நேரம் இல்லன்னு முதல் படிய, அந்த யோசிச்சு எழுதறத, வெட்டிடறாங்க. அத வெட்டுனா மிச்சம் வேலைக்கே ஆகாது, ஏன்னா வாயாடிப் பிள்ளைதான் ஜோடியிலயும் பேசும்.

அப்பாவுக்கு: தடயம் வேணும்னு நீங்க கேட்டது சரிங்க. அந்த முதல்ல எழுதுன வரியும், கடைசி அஞ்சு நிமிஷத்துல "இப்ப என்ன நினைக்கிறேன், ஏன் மாத்திக்கிட்டேன்"னு எழுதுற வரியும் நோட்டுல இருக்கணும். வகுப்பறை மதிப்பீட்டுக்கு எனக்கும் அதான் ஆதாரம், யார் டிபி (அடைவுநிலை) 3, யார் டிபி 5ன்னு மாஜோங் பேப்பர பார்த்து எப்படி போடறது, அது எழுதுன பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

பாயான்_லெப்பாஸ்_அப்பா

அப்படி ரெண்டு வரி இருந்தா நான் ஏன் குறை சொல்லப் போறேன். ஆனா எல்லா பள்ளியிலயும் அப்படி எழுத வைக்கிறது இல்லைங்க, அதான் உண்மை. தியூஷன இப்போதைக்கு நிறுத்த மாட்டேன்.

பட்டர்வொர்த்_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஐயாவோட கால் கணக்க எங்க ஆசிரியர் அறையில ஒட்டப் போறேன். பிறை சார், பல்பு பாடத்த அப்படியே எடுத்துக்கிறேன். ஆனா செய்முறைக்கு குழு போட்டே ஆகணும், எங்ககிட்ட பேட்டரி பெட்டி எட்டுதான் இருக்கு. பூ வரையுற பிள்ளைய என்ன பண்றது? அப்புறம் எங்க பள்ளியில டிஎல்பி (இருமொழித் திட்டம்), அறிவியல் இங்கிலீஷ்ல. ஊகத்துக்கு காரணம் சொல்லுன்னா நினைப்பு இருக்கு வார்த்தை வர மாட்டேங்குது, அதுலயே பாதி பிள்ளைங்க அமைதியாயிடுது.

படிவம்_ரெண்டு_மிஸ்

இதுக்கு நான் வரலாமா? கேஎல்ல இடைநிலைப்பள்ளி, அறிவியல். உங்ககிட்டேர்ந்து வர்ற பிள்ளைங்கதான் எங்க முதலாம் படிவத்துல ஊமையா உட்கார்ந்திருக்குதுங்க, மலாய்ல பேசணும்கிற பயம். தெரியாதவங்கன்னு ஆசிரியர் முடிவு பண்ணிடுவாங்க, ரேஹாட்ல அதே பிள்ளைங்க தமிழ்ல பேசுறத கேட்டா காரணம் எல்லாம் கட கடன்னு வரும். அதனால நான் ஜோடிப் பேச்ச எந்த மொழியில வேணும்னாலும் பேசிக்கன்னு விட்டுடுவேன், வகுப்புக்கு சொல்லும்போது மட்டும் பாட மொழியில, அதுக்கும் பலகையில ரெண்டு மூணு தொடக்கம் எழுதி வெச்சிருப்பேன், "நான் இப்படி நினைக்கிறேன், ஏன்னா", "அவர் சொன்னதுல எனக்கு ஒத்துக்க முடியாதது" அந்த மாதிரி. உங்க பிள்ளைங்களும் தமிழ்ல சண்ட போட்டுட்டு இங்கிலீஷ்ல முடிவ சொல்லட்டும். சிந்திக்கிறதும் மொழியும் ஒரே நேரத்துல கழுத்த நெரிச்சா எந்தப் பிள்ளையும் பேசாது.

பூ வரையுற பிள்ளைக்கு: மாஜோங் பேப்பர முதல்ல ஒளிச்சு வைங்க சிஸ். ஒரே பேப்பர் ஒரே மார்க்கர்னா ஒரு ஆளுக்குத்தான் வேல. ஜிக்சான்னு ஒன்னு இருக்கு, எலியட் ஆரன்சன் 1971ல டெக்சஸ்ல ஆஸ்டின் பள்ளிகள்ல ஆரம்பிச்சது, அப்ப அங்க வெள்ளப் பிள்ளைங்களயும் கறுப்புப் பிள்ளைங்களயும் ஒரே வகுப்புல சேர்த்த புதுசு, ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டல. அவர் என்ன பண்ணாருன்னா பாடத்த துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு, மத்தவன் துண்டு இல்லாம உன்னால வேலைய முடிக்க முடியாது, அதனால கேட்டே ஆகணும். நீங்க ஒருத்தருக்கு தொடர் சுற்று, ஒருத்தருக்கு இணைச் சுற்று, ஒருத்தருக்கு "ஒரு பல்ப கழட்டுனா என்ன ஆகும்", ஒருத்தருக்கு "பேட்டரிய கூட்டுனா என்ன ஆகும்"னு கொடுக்கலாம். ஒரே துண்டு வாங்குனவங்க முதல்ல ஒன்னா சேர்ந்து செஞ்சு பார்த்துட்டு அவங்கவங்க குழுவுக்கு திரும்பிப் போய் சொல்லணும். ஐயா சொன்ன அந்தக் கடைசி பாதிப் பங்கு இதுதான்னு நினைக்கிறேன். ஆனா ஒன்னு, முதல் நாளே ஜிக்சா வேண்டாம், இடம் மாறுறதுலயே பத்து நிமிஷம் போயிடும், நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கு பக்கத்து டீச்சர் இந்தத் தடவ உள்ளயே வந்துடுவாங்க. முதல்ல பல்பு கேள்விய மட்டும் செஞ்சு பழக்குங்க.

ஓய்வு_வாத்தியார்

மிஸ் சொன்ன மொழி விஷயம் சரியான பேச்சு. ஜிக்சாவுல ஒரு பயம் மட்டும் இருக்கும்மா, தொடர் சுற்று துண்ட வாங்குன பிள்ளை தப்பா புரிஞ்சுக்கிட்டு போய் சொன்னா அந்தக் குழு மொத்தமும் தப்பா படிக்கும். குழுவுக்கு திரும்புறதுக்கு முன்னாடி ஆசிரியர் ஒரு சுத்து போய் ஒவ்வொரு துண்டயும் கேட்டு சரிபார்க்கணும், இத விட்டுடாதீங்க.

படிவம்_ரெண்டு_மிஸ்

ஆமாங்க ஐயா, அது கட்டாயம். நான் அந்த நேரத்துல ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு கேள்வி வெச்சிருப்பேன், பதில் சரியா வந்தாத்தான் குழுவுக்கு போக விடுவேன்.

பட்டர்வொர்த்_டீச்சர்

சரி, அப்ப முதல் பாடம் பல்பு மட்டும், நோட்டுல எழுத வெச்சு, ஜோடி தமிழ்ல. இணைச் சுற்றுக்கு "ஒரு பல்ப கழட்டுனா இன்னொன்னு என்ன ஆகும்"னு அடுத்த பாடத்துல. நசீர் (பள்ளி ஆய்வாளர்) வந்தா எஸ்கேபிஎம் (பள்ளித் தர மதிப்பீடு) தரம் நாலுக்கு இது போதுமான்னு எங்க துணைத் தலைமையாசிரியர் கேப்பாங்க, பிள்ளைங்க நோட்ட காட்டிடறேன். பிறை சார், கடைசியா ஒன்னு, பழைய பல்பு ஸ்டாண்டு எல்லாம் துரு பிடிச்சு கிடக்கு, புதுசு வாங்கணுமா?

பிறை_அறிவியல்

வேண்டாம் டீச்சர், காசு மிச்சம். உள்ள இருக்கிற தகட்ட மணல் தாள் வெச்சு லேசா தேய்ச்சா போதும், ரொம்ப கெட்டதுன்னா வயர நேரா பல்போட கழுத்துலயும் அடியிலயும் டேப் போட்டு ஒட்டிடலாம். ஆனா பேட்டரி மட்டும் புதுசா வாங்குங்க, எட்டு பெட்டிக்கும் ஒரே பிராண்டு, ஒரே நாள்ல வாங்குனது. பாதி தீர்ந்த பேட்டரிய போட்டா தொடர் சுற்றுல ரெண்டு பல்பும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிடும், பிள்ளைங்க எரியவே இல்லன்னு சொல்லிடும். முந்தின நாள் சாயங்காலம் எட்டு செட்டையும் நீங்களே ஒரு தடவ போட்டுப் பார்த்துடுங்க, வகுப்புல சன்னல் திரைய இழுத்து விடுங்க, காலை வெயில்ல மங்கல் வெளிச்சம் தெரியாது.